முனி மரமும் மின்மினி ஆறும்

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு மௌனம் என்றால் பயம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் நான்கு விநாடி சத்தம் இல்லாமல் போனால் போதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எழுந்து நின்றுவிடுவார். அந்த நான்கு விநாடியை நிரப்புவதுதான் பன்னிரண்டு ஆண்டுகளாக என் பிழைப்பு. வணக்கம் சொல்வேன், நேரம் சொல்வேன், எந்தச் சாலையில் நெரிசல் என்று சொல்வேன். விடியற்காலை பக்திப் பாடல்களுக்கு நடுவே, ‘இறைவன் உங்களோடு இருக்கிறான், இந்த நாள் இனிய நாள்’ என்றும் சொல்வேன்.

போன வருடம் அப்பா தவறிவிட்டார். நான் பேசும் நிகழ்ச்சியைச் சமையலறை வானொலியில் ஒருநாள் விடாமல் கேட்டவர் அவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது அதே வாக்கியத்தை அதே குரலில்தான் சொன்னேன். ஒலிவாங்கியை மூடியதும் உள்ளே ஒன்றுமே இல்லை. கோபம்கூட இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் அம்மா கண்ணை மூடி நிற்பார், நான் பக்கத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மாதங்கள் இப்படியே போயின. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: “ஈஜோக்குக்குப் போய்ட்டு வரலாமா? மாமா கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். முனி மரத்தையும் பாத்து வருசமாச்சு.”

சனிக்கிழமை காலையில் காடியை எடுத்தோம்.

முன்பெல்லாம் கோலாலம்பூரிலிருந்து ஈஜோக் போவதென்றால் சுங்கை பூலோ வழியாக லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். 2011இல் லட்டார் நெடுஞ்சாலை திறந்த பிறகு ரவாங் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குப் பாடு குறைந்துவிட்டது. அந்தச் சாலையின் ஒரு முனை டெம்ப்ளர் பூங்கா, இன்னொரு முனை நம் ஈஜோக். ஆனாலும் ஈஜோக் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது 2007 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தல்தான். அந்தச் சில வாரங்கள் நாடே இந்தச் சின்ன ஊரைத் திரும்பிப் பார்த்தது. மரத்துக்கு மரம் கொடி கட்டியிருந்தார்கள். தேர்தல் முடிந்து கொடியை அவிழ்த்துக்கொண்டு எல்லாரும் போய்விட்டார்கள். ஊர் பழையபடி கடை வரிசையும் நாசி லெமாக்கும் செம்பனை லாரியுமாக ஆகிவிட்டது. எனக்கு அந்த ஈஜோக்தான் பிடிக்கும்.

மாமா செம்பனை ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தாமான் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். “வா பாப்பா. என்னா இப்படி ஒல்லியாய்ட்ட?” என்றார். அத்தை ரொட்டி சானாய் வாங்கி வைத்திருந்தார். பசியாறிவிட்டு மாமாவின் பழைய காடியிலேயே தோட்டத்துக்குள் போனோம். அந்தச் செம்மண் பாதையில் என் காடியைக் கொண்டுவர வேண்டாம் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

அம்மாவும் மாமாவும் பிறந்த தோட்டம் அது. அப்போது ரப்பர். பாட்டி பால் வெட்டியவர். நாலு மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, இருட்டோடு இருட்டாகத் தன் நிரைக்குப் போய்விடுவாராம். விடியுமுன் குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏறப் பால் குறைந்துவிடும். பட்டையைத் தாள் மாதிரி மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் அதற்குக் ‘காயம்’ என்று பெயர். காயம் பட்ட இடத்தில் மறுபட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அடுத்த முறை அங்கே வெட்ட முடியாது. நிரையின் முதல் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் பாட்டி கத்தியை எடுப்பாராம். “எதுக்கும்மா அப்படி?” என்று அம்மா சின்ன வயதில் கேட்டிருக்கிறார். “வெட்டப்போறோம்ல, கேட்டுக்க வேணாமா?” என்றாராம் பாட்டி.

மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கூலியும் இல்லை. நாம் மழை பெய்யும்போது சன்னலைத் திறந்து படம் எடுத்துப் போடுகிறோம். அவர்கள் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டது மழை நிற்பதற்காக. இயற்கையை ரசிப்பது என்று நாம் சொல்வதை பாட்டியிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். பாம்பு, அட்டை, கொசு, இருட்டு, மழை இவற்றுக்கு நடுவே தனியாக நின்று வேலை செய்தவருக்குக் கூடவே ஒருவர் தேவைப்பட்டார். அவர்தான் முனி.

தோட்டத்து ஆட்களுக்கு இரண்டு தெய்வம் என்று அம்மா சொல்வார். லயத்துக்கு நடுவே மாரியம்மன், வருடம் ஒரு திருவிழா, காவடி, தீமிதி எல்லாம் அவளுக்கு. தோட்டத்து எல்லையில், வீடு முடிந்து காடு தொடங்கும் இடத்தில் முனியாண்டி. அவருக்குக் கோபுரம் கிடையாது. ஒரு மரம், ஒரு கல், ஒரு சூலம். படையல் என்றால் சுருட்டு, எலுமிச்சம்பழம், சில வீடுகளில் சேவல். சிலாங்கூர், பேராக், கெடா எங்கே பழைய தோட்டத்துக்குப் போனாலும் இந்த ஏற்பாடு இருக்கும். கப்பல் ஏறி வந்தவர்கள் ஊரிலிருந்து சிலையைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. வந்த இடத்தில் எந்த மரம் மிரட்டியதோ அந்த மரத்தடியில் கல்லை நட்டுச் சாமியை உட்கார வைத்தார்கள்.

போகும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் செம்பனை. இந்த வட்டாரத்தில் செம்பனைக்கு ஒரு கதை உண்டு, கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நாடு முழுக்கப் பரவிக் கிடக்கும் செம்பனையை இங்கே முதன்முதலில் வியாபாரப் பயிராக நட்டது 1917இல், பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கம் உள்ள தோட்டத்தில். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆமாம், தமிழ்தான். நட்டவர் ஹென்ரி ஃபொக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். 1905இல் மலாயாவுக்கு வந்து, மலாயும் தமிழும் கற்றுக்கொண்டு, சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்டவர். பிறகு அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் பெரிய இலக்கிய விருதான கோன்கூர் கிடைத்தது. ஆங்கிலத்தில் அதற்கு ‘மலாயாவின் ஆன்மா’ என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் இந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து மலாயாவின் ஆன்மாவைத் தேடியிருக்கிறார். அதே நேரத்தில் அவருடைய நிரைகளில் நம் ஆட்கள் முதல் மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கியிருப்பார்கள். அவர்கள் கதைக்கு விருது இல்லை, தோட்டத்துக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது.

மாமா காடியை நிறுத்தினார்.

லயம் இருந்த இடம் என்று அம்மா காட்டிய இடத்தில் லயம் இல்லை. தொண்ணூறுகளில் எல்லாரும் தாமானுக்குக் குடிபெயர்ந்த பிறகு இடித்துவிட்டார்கள். கிணறு இருந்த இடம் தெரிகிறது. ஆயாக் கொட்டகையின் சிமெண்டுத் தரை புல்லுக்குள் கிடக்கிறது. மாரியம்மனைத் தாமானுக்குக் கொண்டுபோய் மார்பிள் போட்டுக் கோயில் கட்டிவிட்டார்கள். முனியையும் கூப்பிட்டிருக்கிறார்கள். பூக்கட்டிப் போட்டுப் பார்த்ததில் மூன்று முறையும் ‘வரமாட்டேன்’ என்றே வந்ததாம். அதனால் அவர் அங்கேயே இருக்கிறார். செம்பனை வரிசைகளுக்கு நடுவில் திடீரென்று ஓர் ஆலமரம், விழுதுகளோடு. அதைச் சுற்றி ஒரு பத்தடிக்கு யாரும் எதுவும் நடவில்லை.

செருப்பைக் கழற்றினோம். மாமா குனிந்து கல்லைச் சுற்றி உதிர்ந்த இலைகளைக் கையால் மட்டும் ஒதுக்கினார். “புல் வெட்டுற மெசின் கொண்டாந்தா என்ன மாமா?” என்றேன். “இங்க வெட்டக் கூடாது. ஒரு குச்சிகூட ஒடிக்கக் கூடாது. உங்க பாட்டி இருந்தா இப்பவே கன்னத்துல ஒண்ணு வைக்கும்” என்றார். முனி மரத்தின் சட்டங்களை அம்மாவும் மாமாவும் மாறி மாறிச் சொன்னார்கள். கிளை ஒடிக்கக் கூடாது. சீட்டி அடிக்கக் கூடாது. ராத்திரியில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மரத்தில் இருக்கும் குருவிக் கூட்டைத் தொடக் கூடாது. சத்தமாகச் சிரிக்கக் கூடாது. இப்போது தோட்டத்தில் வேலை செய்கிற வங்காளதேசப் பையன்கள்கூட இந்தப் பக்கம் ஒதுங்க வருவதில்லையாம். அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று மாமாவுக்கே தெரியவில்லை.

அம்மா சூடம் ஏற்றினார். கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டு நின்றார். நான் பழக்கதோஷத்தில் கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓட விட்டிருந்தேன். எந்த இடத்துக்குப் போனாலும் அந்த இடத்துச் சத்தத்தைப் பிடித்துவைப்பது வானொலிக்காரர்களின் வியாதி. அந்த இடத்தில் எனக்கு ஏதாவது தோன்றும் என்று அம்மா எதிர்பார்த்திருப்பார். நானும் எதிர்பார்த்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், ஒன்றும் தோன்றவில்லை. கொசு கடித்தது. கைப்பேசியில் இரண்டு கோடு சிக்னல் இருந்தது. சூடம் அணைந்ததும் திருநீறு பூசிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோல சிலாங்கூருக்குப் புறப்பட்டோம். மாமா வீட்டிலேயே நின்றுகொண்டார். பிள்ளைகளோடு போகிறவர்கள் புக்கிட் மெலாவாத்தியைத் தவறவிட வேண்டாம். 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து, மறுவருடமே சுல்தான் இப்ராஹிம் திரும்பப் பிடித்த கோட்டை மலை அது. உச்சியில் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. வெள்ளிநிறக் குரங்குகள் சாதுவானவை, தோளில் ஏறி உட்காரும். அதன் குட்டி பிறக்கும்போது காவி நிறத்தில் இருக்கும், வளர வளரச் சாம்பல் நிறமாகிவிடும். “நம்ம ஆளுங்க எல்லாம் தலைகீழா, வயசானப்புறம்தான் காவி கட்டுறாங்க” என்றார் அம்மா. பல நாள் கழித்து அவர் ஒரு சிரிப்புச் சொன்னது அப்போதுதான். மலைமேல் இஸ்லாமியர்கள் நோன்புக்குப் பிறை பார்க்கும் கூடமும் இருக்கிறது. கீழே மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியில் 1987இல் உருவான இயற்கைப் பூங்காவில் கண்டல் காட்டுக்குள் பலகைப் பாதையில் நடக்கலாம். நாங்கள் கொஞ்ச தூரம்தான் நடந்தோம், அம்மாவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

இருட்டியதும் கம்போங் குவாந்தானுக்குப் போனோம். மின்மினி பார்க்க.

இதை நான் இருபது வருடம் முன்பு பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறேன். கத்திக்கொண்டே பார்த்தோம், அதனால் ஒன்றும் நினைவில் இல்லை. இந்த முறை படகில் நானும் அம்மாவும் மட்டும். சம்பான் சின்னது, நான்கு பேர் உட்காரலாம். மோட்டார் கிடையாது. வயதான பாக்சிக் ஒருவர் துடுப்பு போட்டார். உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொண்டதும் அவர் மலாயில் இரண்டே விஷயம் சொன்னார்: கைப்பேசி வெளிச்சம் வேண்டாம், பூச்சியைப் பிடிக்க வேண்டாம். அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை.

அன்றைக்கு நிலா இல்லை. கரை தெரியவில்லை, தண்ணீர் எங்கே முடிகிறது என்றும் தெரியவில்லை. துடுப்பு தண்ணீரில் இறங்கும் சத்தம் மட்டும். ஒரு வளைவு திரும்பியதும் மரம் தெரிந்தது. மரம் என்று சொல்வதைவிட மரத்தின் வடிவம். இலை இலையாக ஒளி. எல்லாம் சேர்ந்து அணைந்து, எல்லாம் சேர்ந்து எரிந்து, விநாடிக்கு மூன்று முறை போல, மூச்சு வாங்குகிற மாதிரி.

கார்த்திகை தீபம் மாதிரி இருந்தது, தீபாவளி மாதிரி இருந்தது என்று எழுதத்தான் கை வருகிறது. படகிலும் என் மண்டைக்குள் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. ‘நேயர்களே, இப்போது நாம் சிலாங்கூர் ஆற்றின் நடுவே...’ என்று வாக்கியங்கள் வரிசைகட்டி வந்தன. ஒவ்வொன்றாக வந்து, சொல்ல ஆள் இல்லாமல் உதிர்ந்தன. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கழித்து வருவது நின்றுவிட்டது. பேச வாக்கியமே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஒத்திசைவை வெளிநாட்டார் நெடுங்காலம் நம்பவில்லை. எங்கல்பர்ட் கேம்ஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1690இல் சயாமில் ஆற்றோர மரங்களில் மின்மினிகள் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைவதைப் பார்த்து எழுதிவைத்தார். இருநூறு வருடத்துக்குப் பிறகும் படித்தவர்கள் தலையாட்டினார்கள், பூச்சிகளுக்கு அப்படித் தாளம் தெரியாது என்று. ‘சயன்ஸ்’ இதழில் ஒருவர், தான் ஒருமுறை அப்படிப் பார்த்ததாகவும், அது தன் கண் இமை துடித்ததால் வந்த மயக்கம் என்றும் எழுதினார். அது வெளிவந்த வருடம் 1917. இங்கே தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்ட அதே வருடம். அந்த மனிதரை இந்த ஆற்றில் ஒரு சுற்று அழைத்துப் போயிருக்கலாம்.

அந்த விளக்கு நமக்காக எரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண் பூச்சி பெண்ணைக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். தெரொப்டிக்ஸ் டெனர் என்பது அதன் அறிவியல் பெயர், ஓர் அரிசி அளவுகூட இருக்காது. அது விரும்பி உட்காருவது பெரெம்பாங் மரத்தில். ஆனால் மரம் மட்டும் இருந்தால் மின்மினி இருக்காது. பெண் பூச்சி முட்டை இடுவது கரையின் ஈர மண்ணில். அதிலிருந்து வரும் புழு, மக்கிய இலைகளுக்கு அடியில் சின்னச் சின்ன நத்தைகளைத் தின்று மாதக்கணக்கில் வளர்கிறது. நீபாப் பனை, சேறு, நத்தை, கடல் ஏற்றத்தில் ஏறி இறங்கும் உப்புக் கலந்த தண்ணீர், ராத்திரி இருட்டு எல்லாம் அப்படியப்படியே இருந்தால்தான் மேலே விளக்கு எரியும். கரையைச் சுத்தம் செய்து செம்பனை நட்டால் போச்சு. கடை விளக்கு, வீட்டு விளக்கு வந்தாலும் போச்சு. பாக்சிக் ஓர் இடத்தில் துடுப்பை நிறுத்தி, இருட்டாக இருந்த கரையைக் காட்டி, “டுலு ஸினி பன்யாக்,” என்றார். முன்பு இங்கே நிறைய என்று அர்த்தம். வேறு விளக்கம் சொல்லவில்லை. மறுபடி துடுப்பு போட்டார்.

எனக்கு அப்போதுதான் காலையில் பார்த்த முனி மரம் ஞாபகம் வந்தது. ஒடிக்காதே. தொடாதே. சத்தம் போடாதே. கூட்டைக் கலைக்காதே. பாட்டியின் சட்டங்களும் படகுக்காரரின் சட்டங்களும் ஒன்றாகவே இருந்தன. பாட்டி அதைச் சாமி பயம் என்று சொன்னார். நான் படித்துவிட்டு அதை மூடநம்பிக்கை என்று பள்ளிக் கட்டுரையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பயம் இருந்த பத்தடி வட்டத்தில்தான் இன்றும் ஆலமரமும் குருவிக் கூடும் இருக்கின்றன. அந்த வட்டத்துக்கு வெளியே ரப்பர் வந்தது, போனது, செம்பனை வந்தது, லயம் போனது. தாயுமானவர் பூசைக்குப் பூப் பறிக்கப் போய், பனி நிறைந்த பூவுக்குள்ளேயே இறைவன் இருப்பதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டதாகப் பாடியிருக்கிறார். அதைப் பலமுறை வானொலியில் அழகான செய்தியாகச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கையை இழுத்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

கடவுளைக் கண்டேன் என்று நான் எழுத மாட்டேன். அம்மா படிப்பார், பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். நடந்தது இவ்வளவுதான். வானொலியில் பேசுகிறவருக்கு எதிரே யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு சுவர், ஒரு கண்ணாடி, ஒரு ஒலிவாங்கி. யாரோ கேட்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் பேசுகிறோம். எனக்கு அந்த யாரோவுக்கு ஒரு முகம் இருந்தது. சமையலறையில் காப்பிக் குவளையோடு நிற்கும் அப்பாவின் முகம். அவர் போன பிறகு நான் சுவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். கோயிலிலும் அதே நிலைமைதான், சொன்னால் கேட்க ஆள் இல்லை என்று வாயைத் திறக்கவே இல்லை. அந்தப் படகில், பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, நான் பேசுகிற ஆளாக இல்லாமல் கேட்கிற ஆளாக உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாத மொழியில் ஒரு மரம் விநாடிக்கு மூன்று முறை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. அழுகை வந்தது. இருட்டு, யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அம்மா தன் முந்தானையை என் பக்கம் நீட்டினார், திரும்பிப் பார்க்காமலே.

கரையேறியதும் அம்மா பாக்சிக்கிடம் நன்றி சொல்லிப் பத்து வெள்ளி கொடுக்கப் போனார். அவர் வாங்க மறுத்தார், அம்மா விடவில்லை. அந்த இழுபறியை நான் தலையிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போக நினைக்கும் குடும்பங்களுக்கு ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். மழை இல்லாத, நிலா இல்லாத இரவாகப் பார்த்துப் போங்கள். எட்டு மணிக்குப் பிறகு நல்ல இருட்டு கிடைக்கும். துடுப்புப் படகில் போவது நல்லது. சின்னப் பிள்ளைகளிடம் படகில் பேசக்கூடாது என்பதைக் கரையிலேயே ஒரு விளையாட்டாகச் சொல்லி வையுங்கள். கைப்பேசியில் படம் விழாது, கறுப்பாகத்தான் வரும், எடுக்க முயல வேண்டாம். தோட்டத்துக்குள் இருக்கும் பழைய கோயிலுக்குப் போவதென்றால் அங்கே பழகிய ஒருவரோடு போங்கள். கொசு மருந்து அவசியம்.

ஞாயிறு மாலை வீடு திரும்பி, முனி மரத்தடியில் பதிவுசெய்த சத்தத்தைக் கேட்டேன். நிகழ்ச்சியில் எங்காவது பின்னணிக்குப் பயன்படும் என்றுதான். செம்பனை ஓலை உரசும் சத்தம், தூரத்தில் ஒரு லாரி, ஒரு செம்பூத்து. அதற்கு அடியில் அம்மாவின் முணுமுணுப்பு. நேரில் பக்கத்தில் நின்றபோது நான் கேட்காதது. ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்டேன். அம்மா மந்திரம் எதுவும் சொல்லவில்லை. ஊர்க்கதை சொல்வதுபோல முனியிடம் பேசிக்கொண்டிருந்தார். “அவரு போய்ட்டாரு சாமி. ஆவணியோட ஒரு வருசம் ஆவுது. நான் இருந்துக்குவேன். இந்தப் பிள்ளைக்குத்தான் பேச்சே வரமாட்டேங்குது. வெளிய பேசுது, உள்ள பேசமாட்டேங்குது. நீ கொஞ்சம் பாத்துக்க.”

அந்தப் பதிவை நிகழ்ச்சியில் பயன்படுத்தவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை, முதல் பாடல் முடிந்ததும் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி எழுந்து நின்று கையை ஆட்டினான். நான் தலையை அசைத்துவிட்டுப் பேசினேன். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால் மாமாவிடமிருந்து கைப்பேசியில் செய்தி. மரத்தின் படம், இரவு மழையில் நனைந்து கறுத்துப்போன விழுதுகள். கீழே இரண்டு வரி: “பாப்பா, அன்னிக்கு நாம சுருட்டு வைக்க மறந்துட்டோம். அடுத்த வாட்டி வர்றப்ப நீயே வாங்கிட்டு வா, இங்க கடையில நல்லது கெடைக்கல.”